தேடியது கிடைக்கவில்லையா? பழைய தேடல்களை வைத்து ஆவணத் தேடலைச் சீர்செய்தல், அறிகுறி வாரியாக

எங்கள் ஆவணத் தேடலில் ஒருவர் 'புதுக்கடை நீதிமன்றம்' என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. 'அளுத்கடை' என்று மாற்றினார். அதற்கும் இல்லை. மூன்றாவதாக 'ஹல்ஸ்டோர்ப்' என்று போட்டபோது ஒரு பட்டியல் வந்தது. நாலாவது ஆவணத்தைத் திறந்தார், பிறகு திரும்பி வரவேயில்லை. கொழும்பு 12ஐத் தெரிந்த எவருக்கும் இந்த மூன்று பெயரும் ஒரே இடம். எங்கள் தேடலுக்கு மட்டும் அது தெரியவில்லை. தேடல்கள் ஒவ்வொன்றும் தானாகப் பதியும் பதிவேட்டில் அந்த மூன்று வரியையும் பார்த்த அன்றுதான், தேடுபவர்கள் தினமும் எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பதும் நாங்கள் கேட்காமல் இருந்ததும் புரிந்தது.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு சிறிய குழுவாக ஓர் அலுவலகத்தின் ஆவணத் தேடலைப் பராமரிக்கிறோம். சுற்றுநிருபங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள், படிவங்கள் என மூன்று மொழிகளிலும் ஆவணங்கள் உண்டு. உள்ளே ஓடுவது, தேடிய சொற்கள் ஆவணத்தில் எவ்வளவு வருகின்றன என்பதை வைத்து வரிசைப்படுத்தும் சாதாரண பிஎம்25 தரவரிசைதான். கீழே எழுதியிருப்பது அதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒழுங்கு. உங்கள் தேடலில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கே நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தவறவிட வேண்டாம்.

தொடங்க முன்: பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு தேடலுக்கும் இவ்வளவும் வேண்டும்: ஆள் தட்டச்சிட்ட சொல் அப்படியே, நேரம், பெயரில்லாத ஓர் அமர்வு எண் (ஒருவர் ஒரே இருப்பில் செய்யும் தேடல்களைச் சேர்த்துக் காட்டுவது), அவருக்குக் காட்டிய ஆவணங்கள் வரிசையோடு, அவற்றில் எதைத் திறந்தார், எவ்வளவு நேரத்தில் திரும்பினார், அடுத்து என்ன தேடினார்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது காட்டிய வரிசையை. நாங்களும் முதல் வருடம் கிளிக்கை மட்டுமே பதிந்தோம். ஓர் ஆவணத்தை யாரும் திறக்கவில்லை என்றால், பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டார்களா, கண்ணிலேயே படவில்லையா என்று அந்தப் பதிவில் பிரித்தறிய வழியில்லை. அந்த வருடப் பதிவு இன்றைக்கும் ஏறக்குறையப் பயனற்றே கிடக்கிறது. இன்றே இதைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு வரலாம்.

உங்கள் குழுவினரின் சோதனைத் தேடல்களையும், சேவையகம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கத் தானாக ஓடும் தேடல்களையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். எங்களிடம் ஆகக்கூடுதலாகத் தேடப்பட்ட சொல் 'பரீட்சை' என்று வந்தது. அதைத் தேடியவர்கள் நாங்களேதான்.

அறிகுறி: ஆவணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தேடினால் பூச்சியம்

மலிவான திருத்தம் இது. பூச்சியம் விடை தந்த தேடல்களை எண்ணிக்கை வரிசையில் எடுத்து, முதல் ஐம்பதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். தமிழில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, 'கொ' போன்ற எழுத்துகள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு சொற்கள். 'கொழும்பு' என்ற பெயரே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்ததைக் கண்டபோது தலையில் கைவைத்தோம். என்எஃப்சி என்ற யூனிகோட் சீராக்கத்தை ஆவணத்திலும் தேடலிலும் ஒரேமாதிரி ஓட்டினால் இது தீரும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நிலைமை முன்னையதைவிட மோசமாகும்.

இரண்டாவது, அந்தச் சீராக்கம் தொடாத இடங்கள். 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இதற்குத் தனி விதி எழுத வேண்டும். அதேபோல 'கௌரவ' என்பதை 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சிடுபவர்கள் ஏராளம். அப்படியானால் எகரக் கொம்பை அடுத்து வரும் ளகரத்தை எல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், வெள்ளவத்தை உடைந்துபோகும். கௌரவ, பௌத்த, மௌலவி என்று ஒரு சொற்பட்டியல் வைத்து அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றாவது, பாமினி. இலங்கையில் பல வருடங்களாகத் தமிழ்க் கோப்புகள் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சாகின. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்; எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். தமிழ் ஆவணம் என்று குறிக்கப்பட்டவற்றில், பிரித்தெடுத்த உரையில் தமிழ் எழுத்தே இல்லாதவற்றைத் தனியே பொறுக்கி, யூனிகோடுக்கு மாற்றி, இன்டெக்ஸை, அதாவது எந்தச் சொல் எந்த ஆவணத்தில் என்ற தேடல் அட்டவணையை, மீண்டும் கட்டுங்கள். உரையே இல்லாதவை படமாக வருடப்பட்டவை. அவற்றுக்குப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி வேண்டும்.

அறிகுறி: ஆட்கள் சொல்லை மாற்றி மாற்றித் தேடுகிறார்கள்

பதிவேட்டில் இருக்கும் பொன் இதுதான். கிளிக்கைவிட நான் இதையே நம்புகிறேன். ஏனென்றால் ஒருவர் அலுப்புப் பாராமல் மறுபடி தட்டச்சிடும்போது, தன் மனதில் இருந்த பொருளுக்கு இரண்டாவது பெயரையும் எங்களுக்குச் சொல்லிவிடுகிறார்.

செய்முறை: ஒரே அமர்வில் முதல் தேடலில் எதையும் திறக்காமல், இரண்டாவது தேடலில் ஒன்றைத் திறந்து அங்கேயே நின்ற சோடிகளை எடுங்கள். ஒரே சோடி வேறு வேறு ஆட்களிடமிருந்து பல முறை வந்தால் மட்டும் அடுத்த படிக்கு, அதாவது ஒரு சொல்லைத் தேடினால் மற்றதையும் சேர்த்துத் தேடும் ஒத்த சொல் பட்டியலுக்கு, கொண்டுபோங்கள். எங்களுக்கு இப்படி வந்தவற்றில் சில: 'சேர்குலர்', பின் 'சுற்றறிக்கை', பின் 'சுற்றுநிருபம்'. 'ஜீ.எஸ்', பின் 'கிராம சேவகர்', பின் 'கிராம உத்தியோகத்தர்'. 'வற்', பின் 'பெறுமதி சேர் வரி'. இவற்றில் எந்த ஒன்றும் அகராதியைப் பார்த்து நாங்கள் உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடிய பட்டியலில் முழுதாக இருந்திராது.

இனிப் பொறிகள். அலுவலகக் கவுண்டரில் ஒரே கணினியில் வரிசையாக வருபவர்களுக்கெல்லாம் தேடுவார்கள். முப்பது நிமிட இடைவெளியில் அமர்வை முறிப்பது வழக்கம். கவுண்டர்க் கணினிக்கு அது மிக நீளம். ஒருவரின் காணி உறுதியும் அடுத்தவரின் ஓய்வூதியமும் ஒரே பொருளாகிவிடும். அங்கே ஓரிரு நிமிடத்திலேயே முறியுங்கள்.

அடுத்தது, ஒரே அலுவலுக்காகத் தேடப்படும் இரண்டு பொருள்கள். 'பிறப்புச் சான்றிதழ்' தேடியவர் உடனே 'கடவுச்சீட்டு' தேடுவார். இரண்டும் ஒத்த சொற்கள் அல்ல. சோதனை எளிது: இரண்டு தேடல்களும் கடைசியில் ஒரே ஆவணத்தில் போய் நிற்கின்றனவா? நின்றால் ஒத்த சொல். வேறு ஆவணங்களில் நின்றால், பக்கத்தில் 'இதையும் பார்க்க' என்று காட்டலாம். ஒத்த சொல் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

திசையும் முக்கியம். 'கொழும்பு 13' என்று தேடுபவருக்குக் கொட்டாஞ்சேனை ஆவணங்களைக் காட்டலாம். கொட்டாஞ்சேனை என்று தேடுபவருக்குக் கொச்சிக்கடையையும் சேர்த்துக் கொட்டக் கூடாது. ஆகவே ஒருவழி விதி, இருவழி விதி என்று பிரித்து எழுதுங்கள். சேர்க்கும் சொல்லுக்கு ஆள் தட்டச்சிட்ட சொல்லைவிடக் குறைந்த எடை கொடுங்கள். பாதியில் தொடங்குவது எங்கள் வழக்கம்.

இதே சோடிகளில் இன்னொன்றும் கிடைக்கும். 'கடவுச்சீட்டுக்கு' என்று தேடித் தோற்றவர் 'கடவுச்சீட்டு' என்று தானே உருபைக் கழித்துத் தேடுவார். உங்கள் வேர்ச்சொல் பிரிப்பான் எந்த உருபுகளைத் தவறவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் வேறில்லை.

அறிகுறி: கிளிக்கிலிருந்து கற்கத் தொடங்கியதும் முதலிடம் அசையாமல் நிற்கிறது

திறக்கப்பட்ட ஆவணத்தை மேலே ஏற்றினோம். மேலே இருந்ததால் இன்னும் பலர் திறந்தார்கள். அதனால் இன்னும் மேலே போனது. சில வாரங்களில் எந்தப் புதிய ஆவணமும் உள்ளே நுழைய முடியாத நிலை. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. கிளிக் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. அதுதான் இதன் ஆபத்து.

காரணம், மேலே இருப்பதையே மனிதர் நம்பித் திறக்கிறார்கள். 2005இல் தோர்ஸ்டன் யோவாக்கிம்ஸும் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவரோடு சேர்ந்தவர்களும், தேடுபவர்களின் கண் எங்கே போகிறது என்பதைக் கருவியால் அளந்து பார்த்தார்கள். முதல் இரண்டு விடைகளையும் ஏறக்குறைய ஒரே அளவு பார்க்கிறார்கள். ஆனால் முதலாவதையே மிகக் கூடுதலாகத் திறக்கிறார்கள். இரண்டையும் இடம் மாற்றி வைத்தபோதும் மேலே வந்ததே அதிகம் திறக்கப்பட்டது. ஆகவே ஒரு கிளிக் 'இது நல்லது' என்று சொல்லவில்லை. 'நீங்கள் காட்டியவற்றில், நான் பார்த்தவற்றில், இதைத் திறந்தேன்' என்று மட்டுமே சொல்கிறது.

திருத்தத்தை மூன்று அளவில் செய்யலாம்.

எளியது, தாண்டியதை எண்ணுவது. ஒருவர் முதல் இரண்டையும் விட்டு மூன்றாவதைத் திறந்தால், மூன்றாவது அந்த இரண்டையும்விடப் பொருத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலாவது, ஐந்தாவது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிய வரிசை பதிவாகியிருந்தால் இதை இன்றைக்கே செய்யலாம்.

அடுத்தது, இடத்தின் பலத்தை அளப்பது. தேடல்களில் ஒரு சிறு பங்கில் முதலாவதையும் மூன்றாவதையும் வேண்டுமென்றே இடம் மாற்றிக் காட்டுங்கள். அதே ஆவணம் இரண்டு இடத்திலும் எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதன் விகிதமே அந்த இடத்தின் பலம். உதாரணமாக, முதலிடத்தை 1 என்று வைத்தால் மூன்றாமிடம் 0.4 என்று வருகிறது என்போம். அப்போது மூன்றாமிடத்துக் கிளிக் ஒன்றை 1 ÷ 0.4, அதாவது 2.5 கிளிக்காக எண்ண வேண்டும். மிகக் கீழே உள்ள இடங்களுக்கு இந்த எண் கட்டுக்கடங்காமல் பெருகும். ஒரே தவறான கிளிக் முழு வரிசையையும் புரட்டிவிடும். அதனால் ஒரு மேல்வரம்பு வையுங்கள். நாங்கள் 10க்கு மேல் விடுவதில்லை.

மூன்றாவது, புதிய ஆவணங்களுக்கு இடம் கொடுப்பது. பதிவேறிச் சில நாட்களே ஆன ஆவணத்தை, அது ஓரளவாவது பொருந்தினால், சில தேடல்களில் நாலாமிடத்திலோ ஐந்தாமிடத்திலோ காட்டுங்கள். யாருக்கும் பெரிய நட்டமில்லை. காட்டாத ஆவணத்துக்குக் கிளிக் எங்கிருந்து வரும்?

திறந்த உடனேயே திரும்பி வந்த கிளிக்கை இதில் எதிலும் சேர்க்காதீர்கள். அது ஏமாற்றத்தின் அடையாளம்.

அறிகுறி: சட்டம் மாறிவிட்டது, பழைய ஆவணமே மேலே

2022 செப்டெம்பர் 1இலிருந்து பெறுமதி சேர் வரி 15 வீதம். 2024 ஜனவரி 1இலிருந்து 18 வீதம். 'வற் வீதம்' என்ற தேடலுக்குப் பழைய அறிவித்தல் பதினாறு மாதமாகச் சேர்த்த கிளிக்குகள் உண்டு, புதியதற்கு ஒன்றுமில்லை. புத்தாண்டன்று தேடுபவருக்கு எது முதலில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கடைக்காரர் அதைப் பார்த்துப் பற்றுச்சீட்டு அடித்தால் தவறு அவருடையதல்ல.

கிளிக்குக்கு வயது கொடுப்பது முதற்படி. 90 நாளில் பாதி என்று வைத்தால், 180 நாளான கிளிக் கால் பங்குதான். ஆனால் ஒரே நாளில் மாறும் விடயங்களுக்கு இது போதாது. டிசம்பர் மாதக் கிளிக்குகள் ஜனவரியில் இன்னும் பலமாகவே இருக்கும். அங்கே கையால் ஒரு தொடர்பு வேண்டும்: இந்த ஆவணத்துக்குப் பதிலாக அந்த ஆவணம். தொடர்பு போட்டதும், பழையதைத் தேடிவந்த சொற்கள் எல்லாம் புதியதற்குப் போகட்டும். பழையது அதற்குக் கீழே இறங்கட்டும். பழையதை மறைத்துவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பவருக்கு 15 வீதம்தான் சரியான விடை. தேடலில் ஆண்டு இருந்தால் வரிசையை அந்த ஆண்டுக்கு விட்டுக்கொடுங்கள்.

அறிகுறி: 'இதுபோல இன்னும் காட்டு' என்றதும் தேடல் எங்கோ ஓடுகிறது

ஒருவர் பொருத்தம் என்று காட்டிய ஆவணத்திலிருந்து சொற்களை எடுத்துத் தேடலில் சேர்க்கும் முறை பழையது. 1971இல் அச்சில் வந்த, ரோக்கியோ என்ற ஆய்வாளரின் சூத்திரம் இன்றும் பாடநூல்களில் உண்டு. முதல் தேடலுக்கு எடை 1, பொருந்திய ஆவணங்களின் சராசரிக்கு 0.75, பொருந்தாதவற்றின் சராசரியைக் கழிக்க 0.15 என்பது வழக்கமான தொடக்கம். பொருந்தாதவற்றுக்கு எடை குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று பொருந்தாமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம்.

எங்களுக்கு இது தடம் புரண்டது வர்த்தமானியால். 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு', 'அதி விசேஷ' போன்ற தலைப்பு வரிகள் சேர்க்கும் சொற்களில் புகுந்து, ஒரு படிவத்தைத் தேடியவரையும் வர்த்தமானிக் குவியலுக்குள் இழுத்துக்கொண்டு போயின. எல்லா ஆவணத்திலும் திரும்ப வரும் தலைப்பு, அடிக்குறிப்பு, கையொப்ப வரிகளை நீக்கிய உரையிலிருந்து மட்டும் சொல் எடுங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

யாரையும் கேட்காமல், முதலில் வந்த சில ஆவணங்களைப் பொருத்தம் என்று தானாக எடுத்துக்கொள்ளும் வகையும் இருக்கிறது. முதலில் வந்தவையே தவறாக இருந்தால் அது தவறை இரட்டிப்பாக்கும். மூன்று மொழி கலந்த தொகுப்பில் நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

அறிகுறி: 'பயனுள்ளதா?' பொத்தானை யாரும் தொடுவதில்லை

தொடுபவர்களும் பெரும்பாலும் கோபத்தில் தொடுகிறார்கள். பொத்தானை ஆவணத்தின் அடியில் வைத்தால் அப்படித்தான். இரண்டாம் முறை சொல்லை மாற்றித் தேடியவரிடம் மட்டும், பட்டியலின் மேலே, 'தேடியது கிடைத்ததா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் மூன்று காரணம் போதும்: பழையது, வேறு மொழி, வேறு விடயம். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு.

கிளிக்கே இல்லாத தேடல் எல்லாம் தோல்வி என்றும் எண்ணக் கூடாது. ஒரு தொலைபேசி இலக்கத் தேடலில் கிளிக் விழுவதே இல்லை என்று கவலைப்பட்டு, கவுண்டரில் இருக்கும் அக்காவைக் கேட்டேன். "தம்பி, உள்ளுக்குப் போகத் தேவையில்லையே. நம்பர் வெளியாலயே தெரியுதுதானே" என்றார். மறுபடி தேடாமல் முடிந்த தேடலையும், மறுபடி தேடிய தேடலையும் பிரித்துப் பாருங்கள்.

அறிகுறி: பதிவேட்டில் ஆட்களின் அடையாளம் கிடக்கிறது

தேடல் பெட்டியில் மக்கள் தங்கள் அடையாள அட்டை இலக்கத்தையே போடுவார்கள். பழையது ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும்; புதியது பன்னிரண்டு இலக்கம். இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும் நாளும் இருக்கின்றன; பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படுவதால் பாலும் தெரியும். பெயரை நீக்கிவிட்டோம் என்று ஆறுதல்பட இடமில்லை. 2006 ஓகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் பெயர்களுக்குப் பதில் எண்களைப் போட்டு ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. தேடல் சொற்களை மட்டும் வைத்தே ஒரு பத்திரிகை ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை இவை: அடையாள அட்டை, தொலைபேசி இலக்க வடிவங்களைப் பதியும்போதே மறைத்துவிடுங்கள், பிறகு துடைப்பதாக வைக்காதீர்கள். ஒத்த சொல் எடுத்து முடிந்ததும் அமர்வு எண்களை அழியுங்கள். ஒரே ஒருவர் மட்டும் தேடிய சொல்லை எந்த அறிக்கையிலும் காட்டாதீர்கள். அதைப் பரிந்துரையாக இன்னொருவர் திரையில் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு.

அறிகுறி: சோதனையில் புள்ளி கூடியது, ஆட்களோ முன்னையதே நல்லம் என்கிறார்கள்

உங்கள் சோதனைத் தேடல்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். அடிக்கடி தேடப்படுபவற்றை மட்டும் எடுத்திருந்தால், ஏற்கெனவே நன்றாக வேலை செய்வதையே அளக்கிறீர்கள். பாதியைப் பதிவேட்டின் வாலிலிருந்து, அதாவது ஓரிரு முறையே வந்த தேடல்களிலிருந்து எடுங்கள். பொருத்தம் என்று குறித்த ஆவணங்கள் எல்லாம் பழைய தேடல் கொண்டுவந்தவையா என்றும் பாருங்கள். புதிய முறை கொண்டுவந்த நல்ல ஆவணத்தை யாரும் குறிக்காததால் அது தவறு என்று எண்ணப்பட்டிருக்கும்.

எங்களைப் போலத் தேடல் குறைவாக வரும் இடங்களில் ஆட்களை இரண்டு பங்காகப் பிரித்து ஒப்பிட்டால் முடிவு வர மாதக் கணக்காகும். இரண்டு வரிசையையும் ஒன்றாகக் கோத்துக் காட்டுவது மேல். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாட இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுப்பது போல, நாணயம் சுண்டி, இரண்டு முறைகளும் தங்களிடம் மிச்சமுள்ள சிறந்த ஆவணத்தை மாறி மாறி எடுக்கட்டும். தேடுபவர் காண்பது ஒரே பட்டியல். யார் எடுத்த ஆவணம் திறக்கப்பட்டதோ அவருக்குப் புள்ளி.

அறிகுறி: என்ன செய்தாலும் அந்தத் தேடல் தேறவில்லை

தமிழில் தேடுகிறார், சிங்கள ஆவணம் ஒன்றைத் திறக்கிறார், சில விநாடிகளில் திரும்புகிறார், அதே சொல்லை மறுபடி தேடுகிறார். இந்த வடிவத்தை நாங்கள் முதலில் தரவரிசைப் பிழை என்று நினைத்து நாள்கணக்கில் எடைகளைத் திருப்பிக்கொண்டிருந்தோம். தேடலில் பிழையே இல்லை. அந்தச் சுற்றுநிருபத்தின் தமிழ் வடிவம் பதிவேற்றப்படவே இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் அந்தக் கோப்பு இல்லாத வரைக்கும் எந்தச் சூத்திரத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

இப்போது மாதம் ஒருமுறை இந்தத் தேடல்களைத் தனித் தாளில் எடுக்கிறோம். ஒரு நிரலில் மக்கள் தட்டச்சிட்ட சொல், அடுத்ததில் எத்தனை பேர் தேடினார்கள், மூன்றாவதில் அவர்கள் திறந்து திரும்பிய சிங்கள ஆவணத்தின் இலக்கம். நாலாவது நிரல் வெறுமையாக இருக்கும். தாள் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போகிறது. தமிழ்க் கோப்பு வந்ததும் அதன் இலக்கத்தை அவர்கள் அங்கே எழுதுகிறார்கள். அன்றைக்கே அதை இன்டெக்ஸில் சேர்த்து, முதல் நிரலில் உள்ள சொற்களை அந்த ஆவணத்தோடு கட்டிவிடுகிறோம்.